சிப்புக்குள் ஓர் அவதானி

1907 மார்ச் மாதம், சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், அறிஞர்கள் கூடிய அவையில் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைத்துக் காட்டி ‘சதாவதானி’ என்று பெயர் பெற்றார். அவதான மேடையில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் கல் எறிந்துகொண்டே இருப்பார். நடுநடுவே மணி அடிக்கும். கடைசியில் பாட்டும் முடிந்திருக்க வேண்டும், விடையும் வந்திருக்க வேண்டும், விழுந்த கல் எத்தனை, அடித்த மணி எத்தனை என்றும் சொல்லியாக வேண்டும். பெங்களூரிலும் இந்தக் கலை இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அங்கே கன்னடத்திலும் சமஸ்கிருதத்திலும் சதாவதானம் செய்யும் ஆர். கணேஷ் பொறியியல் படித்தவர்.

அவதானியின் திறமை எதில் இருக்கிறது? ஒரே கணத்தில் எல்லாவற்றையும் அவர் செய்வதில்லை. ஒன்றைக் கொஞ்சம் செய்து, எங்கே விட்டோம் என்பதை மனதில் முடிந்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடங்குகிறார். இன்று பெங்களூரின் மல்லேஸ்வரத்தில், சம்பிகே ரோட்டில் லேப்டாப் வாங்கப் போகிறவர் அட்டைப்பெட்டியில் படிக்கும் ‘6 கோர், 12 த்ரெட்’ என்ற வரிக்குப் பின்னால் இருப்பதும் இதே வித்தைதான். இது மின்சாரத்துக்குக் கைவந்த கதை விசித்திரமானது. ஜப்பானியக் கால்குலேட்டர் வியாபாரிகளும், புகைப்படம் எடுத்துக் காப்பியடித்தவர்களும், இணைப்புக் கொடுக்க மறந்த ஒரு மின்கம்பியும் அதில் வருகிறார்கள். அந்தப் பயணம் மல்லேஸ்வரத்தின் வாசலை ஒருமுறைக்கு மேல் தொட்டுப் போயிருக்கிறது.

முதல் தடவை தொட்டது 1950-களின் நடுவில். மல்லேஸ்வரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் இந்திய அறிவியல் கழகம் வந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு அது இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த பேராசிரியர் வின்சென்ட் ரைட்அவுட் அங்கே ஓர் அனலாக் கம்ப்யூட்டரை நிறுவினார். அதற்கு ‘ப்ரீடா’ என்று பெயர். ஈரோட்டில் 1933-இல் பிறந்த வி. ராஜாராமன் என்ற இளம் மாணவர் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையான சில பகுதிகளை வடிவமைத்துக் கட்டினார். பின்னாளில் இந்தியாவின் கம்ப்யூட்டர் கல்விக்கே ஆசானாக அறியப்பட்டவர் அவர்.

அனலாக் கம்ப்யூட்டரில் ஒரு விநோதம் உண்டு. அங்கே வரிசை என்பதே கிடையாது. ஒரு சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி மின்சுற்று. ஸ்விட்சைப் போட்டதும் எல்லாச் சுற்றுகளும் ஒருசேர இயங்கி விடையைத் திரையில் வளைகோடாக வரைந்துவிடும். ஆக, மல்லேஸ்வரத்தின் பக்கத்தில் கால்வைத்த முதல் கம்ப்யூட்டர் பிறவியிலேயே பல வேலை ஒன்றாகச் செய்தது. அந்தக் குணத்தை இழந்தது பின்னால் வந்த டிஜிட்டல் கம்ப்யூட்டர்தான்.

டிஜிட்டல் கம்ப்யூட்டர் துல்லியமானது, எந்தக் கணக்குக்கும் வளைந்து கொடுப்பது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அது முடிந்த பிறகே அடுத்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சென்னைக்காரரான ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டப்பட்டு 1960-இல் இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ அப்படிப்பட்டதுதான். 1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370-ஐத் தேடிப் போன மாணவர்களுக்கும் வரிசை என்றால் என்னவென்று தெரியும். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட்டு, கட்டைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வரவேண்டும். அச்சிட்ட தாள் கைக்கு வரும்போது ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது தெரியும். திருத்திய அட்டையோடு மறுபடியும் வரிசை. மனிதன் கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்தான்.

இதற்குள்ளே இன்னொரு காத்திருப்பும் ஒளிந்திருந்தது. லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள இயந்திரம், காந்த நாடா சுற்றி முடியட்டும் என்றும், பிரிண்டர் அடித்து முடிக்கட்டும் என்றும் பாதி நேரம் சும்மா நின்றது. இந்த வீண் நேரத்தைப் பிடித்து வேறு வேலைக்குக் கொடுத்தால் என்ன? 1959-இல் இரண்டு இடங்களில் இந்தக் கேள்வி எழுந்தது. பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி, அந்த ஆண்டின் முதல் நாள் தேதியிட்டு, சக ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஈரோட்டு ராஜாராமன் அங்கே முதுகலைப் பட்டம் பெற்றதும் அதே 1959-இல்தான்.

மெக்கார்த்தியின் யோசனையை இயந்திரத்தில் ஓட்டிக் காட்டியவர் எம்ஐடியின் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில் அவரது குழு நடத்திய செயல்விளக்கத்தில் சில பேர் தனித்தனித் தட்டச்சுக் கருவிகளில் உட்கார்ந்து ஒரே கம்ப்யூட்டரோடு பேசினார்கள். ஆளுக்கு ஒரு துளி நேரம் கொடுத்து, மணி அடித்ததும் அவருடைய கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பத்திரப்படுத்திவிட்டு, இயந்திரம் அடுத்தவரிடம் போனது. ஒரு சுற்று முடிந்து திரும்ப ஒரு நொடிகூட ஆகாததால், ஒவ்வொருவரும் இயந்திரம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பினார்கள்.

பலர் ஓர் இயந்திரத்தைப் பங்கிட்டதும் ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமல் காக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு அங்கேதான் கம்ப்யூட்டருக்குள் வந்தது. அடுத்து வந்தது விபத்து. 1966-இல் ஒரு நாள், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய பாஸ்வேர்டுகளும் அச்சாகி வந்தன. காரணம் எளியது. நிர்வாகக் கணக்கில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நினைத்து எடிட்டரை எழுதியிருந்தார்கள். அன்று இருவர் நுழைந்திருந்தார்கள். ஒருவர் அறிவிப்பைத் திருத்த, மற்றவர் பாஸ்வேர்டுப் பட்டியலைத் திருத்த, இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு உண்டாகி, ஒன்றின் இடத்தில் மற்றது போய் உட்கார்ந்துவிட்டது. பல வேலையை ஒன்றாகச் செய்வதில் கடினமான பகுதி வேகம் அல்ல, கலக்காமல் வைத்திருப்பது என்பதை அந்த நாள் உலகுக்குச் சொன்னது. இன்றைய பிராசசர்கள் வரைக்கும் அந்தப் பாடம் தொடர்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் அறை நிறையும் இயந்திரங்கள். அவற்றை நகத்தளவுக்குச் சுருக்கும்படி கேட்டது பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனி. 1969-இல் அது தன் கால்குலேட்டர்களுக்காகப் பலவகைச் சிப்கள் கேட்டு, அப்போது குழந்தையாக இருந்த இன்டெல்லிடம் போனது. இத்தனை வகை செய்ய எங்களிடம் ஆள் இல்லை, எந்த வேலையையும் செய்யக்கூடிய ஒரே பொதுச் சிப்பாகச் செய்தால் என்ன என்று டெட் ஹாஃப் கேட்டார். ஃபெடரிகோ ஃபாஜின் பிசிகாமின் மசதோஷி ஷிமாவோடு சேர்ந்து அதை உருவாக்கினார். 1971 நவம்பரில் விற்பனைக்கு வந்த இன்டெல் 4004-இல் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சிப்பின் ஓரத்திலேயே பொறித்துவைத்தார். சிப்பின் உரிமை முதலில் பிசிகாமிடம் இருந்தது. போட்டியில் விலை சரிந்து திண்டாடிய பிசிகாம் விலைக்குறைப்புக் கேட்டது. இன்டெல் பணத்தைத் திருப்பிக் கொடுத்து உரிமையை மீட்டுக்கொண்டது. வணிக வரலாற்றில் இவ்வளவு மலிவாகக் கைமாறிய பொக்கிஷங்கள் அதிகம் இல்லை.

அடுத்த அத்தியாயம் காப்பியடித்தவர்களுடையது. 1970-களில் ஏஎம்டி என்ற கம்பெனி, இன்டெல்லின் 8080 சிப்பைப் புகைப்படம் எடுத்து, படத்திலிருந்து சுற்றுகளைப் படித்துத் தன் சொந்த நகலைச் செய்து விற்றது. சோவியத் ஒன்றியமும் அதே 8080-க்கு நகல் செய்தது. காப்பியைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் காப்பியே ஒப்பந்தமாயிற்று. ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல் சிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே கம்பெனியை நம்பமுடியாது, இரண்டாவது தயாரிப்பாளரும் வேண்டும் என்றது. 1982-இல் ஏஎம்டி அந்த இரண்டாவது தயாரிப்பாளர் ஆனது. இன்று கடையில் ‘இன்டெல்லா, ஏஎம்டியின் ரைசனா?’ என்று நாம் குழம்புவதற்கு விதை அன்று போட்டது.

ஐபிஎம் தேர்ந்தெடுத்த அந்தச் சிப் குடும்பத்தின் மூத்த பிள்ளையான 8086 வந்த விதமும் ஒரு தற்செயல். இன்டெல் அப்போது கனவு கண்டது ‘432’ என்ற வேறொரு சிப். பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வதையும், ஒன்றின் நினைவகத்தில் மற்றது நுழையாமல் காப்பதையும் சிப்பே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் இலக்கு. அது தள்ளிக்கொண்டே போனதால், அதுவரை கடையைத் திறந்துவைக்க 1978-இல் அவசரமாக ஒன்றைச் செய்தார்கள். அதுதான் 8086. 432 ஒருவழியாக 1981-இல் வந்தபோது மிக மெதுவாக ஓடித் தோற்றது. அவசரத்துக்குச் செய்த சிப்பின் வம்சம் இன்றும் நம் மேசைகளில் உட்கார்ந்திருக்கிறது. மல்டிடாஸ்கிங்குக்கென்றே பிறந்த சிப் அதன் முன் நிற்க முடியவில்லை.

அந்த 8086 இந்தியாவில் யாரும் எதிர்பாராத இடத்தில் போய்ச் சேர்ந்தது. பெங்களூரின் கிழக்கே பழைய விமான நிலையச் சாலையில் தேசிய வான்வெளி ஆய்வகம் இருக்கிறது. அப்போது அதன் இயக்குநர் ரொத்தம் நரசிம்ஹா. விமானத்தின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்ற கணக்குகள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றைத் தாங்கும் பெரிய கம்ப்யூட்டர் கையில் இல்லை. யு. என். சின்ஹா தலைமையில் ஒரு குழு, ஒரு பெரிய மூளைக்காகக் காத்திராமல் நான்கு சின்ன மூளைகளைச் சேர்த்தது. அதுதான் 1986-இல் இயங்கிய ‘ஃப்ளோசால்வர்’, இந்தியாவின் முதல் பேரலல் கம்ப்யூட்டர். நான்கு 8086, ஒவ்வொன்றுக்கும் துணையாகத் தசமக் கணக்குப் போடும் 8087.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். காற்று பாயும் வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி கொடுப்பார்கள். ஒவ்வொரு சிப்பும் தன் பகுதியைக் கணக்கிடும். ஆனால் ஓரக் கட்டத்தின் விடை பக்கத்து வீட்டுக் கட்டத்தைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு படிக்குப் பிறகும் நான்கும் நின்று, ஓரத்து எண்களைப் பரிமாறிக்கொண்டு, பிறகு அடுத்த படிக்குப் போகவேண்டும். பரிமாற்றத்தில் நேரம் அதிகம் போனால் நான்கு சிப் இருந்தும் லாபம் இல்லை. கணக்கை எங்கே வெட்டினால் பேச்சு குறையும் என்பதில்தான் அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. இன்று ஒரு கேம் எழுதுகிறவரும் வீடியோ எடிட்டிங் மென்பொருள் எழுதுகிறவரும் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே கேள்விக்காகத்தான்.

அதே சமயத்தில் மல்லேஸ்வரத்து அண்டைவீடான அறிவியல் கழகம் வேறு வழியில் போய்ப் பார்த்தது. ராஜாராமன் 1982-இல் அங்கே திரும்பி வந்து சூப்பர்கம்ப்யூட்டர் மையத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். அமெரிக்காவின் க்ரே கம்ப்யூட்டரை இந்தியா கேட்டது. அறிவியல் கழகத்துக்குக் கேட்ட மாடலைத் தரமுடியாது என்றது அமெரிக்க அரசு. அதைவிடச் சிறிய ஒன்றை மட்டும், வானிலைக் கணிப்புக்காகத் தில்லிக்குக் கொடுக்கச் சம்மதித்தது. மறுப்பின் விளைவாக 1988-இல் புனேயில் சி-டாக் என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் அவர்கள் செய்த ‘பரம் 8000’ பிரிட்டனின் டிரான்ஸ்ப்யூட்டர் சிப்களை வரிசையாகக் கோத்தது. ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே வடிவமைத்த சிப் அது. அதைச் செய்த கம்பெனி நிலைக்கவில்லை, யோசனை நிலைத்தது.

விஞ்ஞானிகள் பல சிப்பைச் சேர்த்துக்கொண்டிருக்க, வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னும் ஒரே சிப்போடு அவதானம் பழகிக்கொண்டிருந்தது. 1985-இல் வந்த இன்டெல் 386 ஒவ்வொரு நிரலையும் அதனதன் வேலிக்குள் அடைக்கக் கற்றிருந்தது. 1991-இன் தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அப்படியொரு கம்ப்யூட்டரை வாங்கி ஒரு சின்னச் சோதனை எழுதினார். இரண்டு வேலைகள். ஒன்று திரையில் ‘ஏ’ என்று அச்சிட்டுக்கொண்டே இருக்கும், மற்றது ‘பி’ என்று. சிப் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒழுங்காகத் தாவினால் ஏக்களும் பிக்களும் மாறி மாறி வரவேண்டும். வந்தன. அந்தச் சோதனைதான் லினக்ஸாக வளர்ந்தது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் அதன் வாரிசு இருக்கிறது. விண்டோஸ் பக்கம் வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு நிரல் தானாக மனமுவந்து இடம்விட்டால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. அது மாட்டிக்கொண்டால் மணற்கடிகாரம் நகராது. 1995-இல்தான் புதிய நிரல்களுக்கு நேரம் முடிந்ததும் கையைப் பிடித்து இறக்கிவிடும் அதிகாரம் வீட்டு விண்டோஸுக்கு வந்தது.

386 பிறந்த அதே 1985-இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறு கம்பெனி தன் முதல் ஏஆர்எம் சிப்பைச் சோதித்தது. வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். சிப் நன்றாக ஓடியது. எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று மீட்டரை வைத்தால் சுழியம் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதா என்று பார்த்தபோது, சிப்புக்கான மின்சார இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரமே அதை ஓட்டப் போதுமாக இருந்தது! விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும் என்பதற்காகச் சூட்டைக் குறைத்து வடிவமைத்தார்கள். அதில் கிடைத்த சிக்கனம் பின்னால் கைபேசி உலகையே பிடித்தது. 2001-இல் பெங்களூரில் அறிவியல் கழகப் பேராசிரியர்கள் ஏழைகளுக்கான கையடக்கக் கம்ப்யூட்டராக உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ ஓடியதும் ஏஆர்எம் குடும்பச் சிப்பில், லினக்ஸோடுதான். சந்தையில் அது பெரிதாகப் போகவில்லை. ஆனால் அதன் உட்சேர்க்கை, சில ஆண்டுகள் கழித்து உலகம் முழுக்கப் பரவிய ஸ்மார்ட்போனின் உட்சேர்க்கையேதான்.

மேசைக் கம்ப்யூட்டர் அந்தச் சிக்கனத்தைக் கற்க ஒரு அடி வாங்க வேண்டியிருந்தது. 2000-இல் 1.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கிய பென்டியம் 4, 2004-இல் 3.8-ஐ எட்டி நின்றுவிட்டது. டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க மின்கசிவு கூடியது, வேகம் ஏற ஏறச் சூடு கூடியது, விசிறிகளால் சமாளிக்க முடியவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் சிப் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்த இன்டெல் 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. தலைவர் கிரெய்க் பாரட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார்.

இனி வேகத்தைக் கூட்ட முடியாது, ஆட்களைக் கூட்டலாம். யோசனை தயாராகவே இருந்தது. ஒரு சிப்பில் ஒரே பெரிய மூளைக்குப் பதிலாகப் பல சின்ன மூளைகளை வைப்பதே நல்லது என்று ஸ்டான்ஃபோர்டில் குன்லே ஒலுகோட்டுனின் குழு 1996-இலேயே எழுதியிருந்தது. ஐபிஎம் 2001-இல் பவர்4 சிப்பில் இரண்டு கோர், அதாவது இரண்டு மூளை, வைத்தது. 2002-இல் இன்டெல் ஹைப்பர்த்ரெடிங்கை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. ஒரு கோர் நினைவகத்திலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையை உள்ளே விடுவது அது. 1959-இன் நாடா காத்திருப்பு இப்போது நானோ வினாடிகளுக்குச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் ‘6 கோர், 12 த்ரெட்’ என்பதன் பொருளும் இதுதான். மூளை ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளைக் கைவசம் வைத்திருக்கும். பன்னிரண்டு மூளை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

2005-இல் இன்டெல்லும் ஏஎம்டியும் சில வார இடைவெளியில் வீட்டுக்கான இரட்டைக் கோர் சிப்களை இறக்கின. ஏஎம்டியின் இரு கோர்களும் சிப்புக்குள்ளேயே பேசிக்கொண்டன. இன்டெல் அவசரமாகச் செய்த பென்டியம் டி-யில் ஒரு கோர் மற்றதோடு பேசவேண்டுமானால் சிப்பை விட்டு வெளியே போய், பொதுப் பாதையில் சுற்றித் திரும்பி வரவேண்டும். எண்ணிக்கை ஒன்றுதான், பேசும் வழி வேறு. ஃப்ளோசால்வர் குழுவுக்குப் பழகிய சிக்கல்தான் இது.

இந்த இடத்தில் கதை மறுபடி பெங்களூருக்கு வருகிறது. இன்டெல்லின் பெங்களூர்க் குழு ‘வைட்ஃபீல்டு’ என்று நகரத்தின் புறநகர்ப் பெயரையே சூட்டி, பல கோர் கொண்ட சர்வர் சிப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. 2005-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. குழு சோர்ந்துவிடவில்லை. 2007-இல் இன்டெல் காட்சிக்கு வைத்த 80 கோர் ஆய்வுச் சிப்பில் பாதி வேலை பெங்களூரில் நடந்தது. அங்கே குழுவை நடத்தியவர் வசந்தா எர்ரகுண்ட்லா. 2008 செப்டம்பரில் ‘டன்னிங்டன்’ வந்தது. ஆறு கோர், 190 கோடி டிரான்சிஸ்டர். முழுக்க முழுக்க இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட இன்டெல்லின் முதல் எக்ஸ்86, அதாவது 8086 வம்சத்துப் பிராசசர். இரண்டிரண்டு கோர்களாக மூன்று ஜோடிகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக 16 எம்பி கேஷ் நினைவகம். நான்கு 8086-ஐ ஒன்றாகப் பூட்டிய நகரம், 22 ஆண்டுகளில் அந்த மூளைகளை ஒரே சிப்புக்குள் வைக்கக் கற்றுவிட்டது.

அறிவியல் கழகத்தின் கதையும் ஒரு சுற்று வந்தது. 2015-இல் அங்கே நிறுவப்பட்ட ‘சஹஸ்ரா-டி’ ஒரு க்ரே கம்ப்யூட்டர். முன்பு தர மறுத்த அதே பெயர். அதில் ஒவ்வொன்றும் 24 கோர் கொண்ட 1,376 கணுக்கள். பெருக்கினால் 33,024 கோர். அந்தக் கணுக்களுக்குள் இருந்தவை சாதாரண சர்வர்களில் ஓடும் இன்டெல் சிப்களேதான். சென்னையில் ஐஐடியின் வி. காமகோடி குழு இன்னொரு திசையில் போனது. யாரிடமும் உரிமம் வாங்கத் தேவையில்லாத, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுப்பை எடுத்துக்கொண்டு ‘சக்தி’ பிராசசரை உருவாக்கியது. 2018-இல் அதில் லினக்ஸ் ஓடியது. புகைப்படம் எடுத்துக் காப்பியடித்த காலம் போய், திறந்த புத்தகத்திலிருந்து எல்லோரும் எழுதும் காலம் வந்திருக்கிறது.

இத்தனை சுற்றியும் கடைசியில் ஒரு கேள்வி நிற்கும். எதை வாங்குவது? இந்த வரலாறே அதற்கு விடை சொல்கிறது. முதலில், பல நிரல்களை ஒன்றாகத் திறந்துவைப்பது வேறு, ஒரே பெரிய வேலையைப் பலர் பங்கிட்டுச் செய்வது வேறு. பிரவுசரில் முப்பது பக்கம், ஒரு டேலி, ஒரு எக்செல், நடுவே வீடியோ அழைப்பு என்றால் அது முதல் வகை. அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை நாம் பார்க்காதபோது தூங்குகின்றன. அவற்றுக்கு வேண்டியது உட்கார இடம், அதாவது நினைவகம். இடம் போதவில்லையென்றால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் வட்டுக்கு அனுப்பி, திரும்ப எடுத்து, திணறும். அத்தகையவருக்கு 8 கோர், 8 ஜிபியைவிட 6 கோர், 16 ஜிபி எவ்வளவோ மேல்.

வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்வது, ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டுவது போன்ற இரண்டாம் வகை வேலை உங்களுடையது என்றால் கோர் கூடுதலாக வாங்குங்கள். அங்கேயும் 1967-இல் ஜீன் ஆம்டால் காட்டிய எல்லை உண்டு. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்கமுடியாததாக இருந்தால் 4 கோரில் அது 3 மடங்கு வேகமாக முடியும், 16 கோரில் 6.4 மடங்குதான். ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. பிரியாத அந்தப் பங்கை ஒரே கோர்தான் செய்தாக வேண்டும். அதனால் தனிக் கோரின் வேகத்தையும் பாருங்கள். அதில் ஒரு புதிய தலைமுறைச் சிப், கூடுதல் கோர் கொண்ட பழையதை வெல்வது சகஜம்.

இன்னொன்று, எல்லாக் கோரும் ஒன்றல்ல. பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்து வைக்கும் உத்தியை ஏஆர்எம் 2011-இல் அறிவித்தது. பத்து ஆண்டு கழித்து இன்டெல்லும் மேசைக்கு அதைக் கொண்டுவந்தது. பின்னணி வேலைகளைச் சின்னவை பார்த்துக்கொள்ளும். ஆகவே ‘10 கோர்’ என்று கண்டால் அதில் பெரியது எத்தனை என்று கேளுங்கள். லேப்டாப்பில் சூட்டையும் மறக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் ‘யு’ என்று முடியும் இன்டெல் சிப் குறைந்த மின்சாரத்துக்கானது, ‘ஹெச்’ என்று முடிவது அதிகம் குடித்து அதிகம் உழைப்பது. 2004-இல் பென்டியத்தை நிறுத்திய அதே சூடுதான் மெல்லிய லேப்டாப்பில் பத்து நிமிடத்துக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கிறது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். இப்போதிருக்கும் கம்ப்யூட்டரில் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். மெமரி நிரம்பி சிபியு பாதியில் நின்றால் உங்களுக்குத் தேவை ரேம்தான், புதுப் பிராசசர் அல்ல. சிபியு வரைபடத்தைக் கோர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உச்சியைத் தொட்டு மற்றவை கீழே கிடந்தால், எண்ணிக்கையை விட்டுவிட்டு வேகமான கோரைத் தேடுங்கள். எல்லாமே உச்சியில் நின்றால் மட்டும் கூடுதல் கோருக்குக் காசு கொடுங்கள். அந்தக் காசு வீண்போகாது.